மறுபடி மறுபடி அரிப்பா?

மெடிக்கல் கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "அந்த இடத்துல அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று தணிந்த குரலில் கேட்டு வாங்கும் பெண்கள் ஏராளம். ஒரு வாரத்தில் அடங்கும், இரண்டு மாதத்தில் திரும்பும். உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோருமாக நாள் ஓடும். இதற்குக் காரணம் சூடு அல்ல. பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை.

பிறப்புறுப்பில் இந்தப் பூஞ்சை சிறிதளவு இருப்பது இயல்பு. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைக்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம் ஆகியவற்றால் அந்தச் சமநிலை குலைந்தால் பூஞ்சை பெருகும். கடும் அரிப்பு, சிவப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், உறைந்த தயிர்போல் திட்டுத் திட்டாக வெள்ளைப்படுதல் ஆகியவை அடையாளங்கள். நாற்றம் பெரும்பாலும் இராது. மீன் வாடையோ, மஞ்சள், பச்சை நிறமோ இருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு.

ஓராண்டில் 3 முறையோ அதற்கு மேலோ வந்தால், அது மீண்டும் மீண்டும் வரும் வகை. அப்போது பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்காதீர்கள். பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து 'கல்ச்சர்' செய்தால் எந்தப் பூஞ்சை என்று தெரியும். கேண்டிடா கிளாப்ரேட்டா போன்ற சில வகைகள் வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

வழக்கமான வகைதான் என்றால், மருத்துவர் பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் மாத்திரையை 1, 4, 7ஆம் நாட்களிலும், பிறகு வாரம் ஒன்றாக 6 மாதமும் தருவார். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை பொதுவாகத் தரப்படுவதில்லை. அவர்களுக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் உண்டு. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாகவே பூசாதீர்கள். அரிப்பு மறையும், பூஞ்சை வளரும்.

உள்ளே சோப்போ கிருமிநாசினியோ விட்டுக் கழுவ வேண்டாம்; நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடை அணிவதும், ஈர உடையை உடனே மாற்றுவதும் நல்லது. ஆனால் அவை மட்டுமே நோயைத் தீர்க்காது.

இது சுத்தக் குறைவால் வருவதல்ல, ஒழுக்கத்தோடும் தொடர்பில்லை. அடுத்த முறை அரிப்பு வந்தால் மெடிக்கல் வாசலில் தயங்கி நிற்காமல் மகளிர் மருத்துவரிடம் போங்கள். "இது எத்தனையாவது முறை" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.