கரண்ட் போனால் செல்போன் டவர் என்ன செய்யும்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. முதலில் கரண்ட் போனது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் போனது. பக்கத்து ஏரியாவில் இருக்கும் அம்மாவிடம் பேசக்கூட வழியில்லாமல் தவித்தவர்கள் ஏராளம்.

டவர் சாயாமலேயே சிக்னல் போகும். ஏன்னா, டவருக்கும் கரண்ட் வேணும். மின்சாரம் நின்றால் பேட்டரி கைகொடுக்கும். அதுவும் தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசலை யார் கொண்டுபோவது?

சும்மா இருந்தாலும் செலவு

மொபைல் நெட்வொர்க்கின் மின்செலவில் பெரும்பங்கு டவர்களில்தான் ஆகிறது. யாரும் பேசாத நள்ளிரவிலும் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று டவர் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் போன் அதைக் கண்டுபிடிக்கும். 4ஜி டவர் ஒவ்வொரு மில்லி விநாடியும் இதைச் செய்கிறது. 5ஜியில் பொதுவாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை போதும். நடுவில் கருவி குட்டித்தூக்கம் போடலாம். ஆனால், டேட்டா கூட்டம் அதிகமானால், நிறைய ஆன்டெனாக்கள் கொண்ட 5ஜி கருவி கரண்ட்டை நன்றாகவே இழுக்கும்.

எதை அணைப்பது?

ஒரே டவரில் பல அலைவரிசைகள் இருக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் ரொம்ப தூரம் போகும், வேகம் குறைவு. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தூரம் குறைவு. கூட்டமில்லாத இரவில், பஸ்களைக் குறைப்பதுபோல, வேகத்துக்கான அலைவரிசையை மட்டும் அணைத்துவைக்கலாம். அதில் இருக்கும் போன்களை முதலில் மற்ற அலைவரிசைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துவிடும்.

மின்வெட்டிலும் இதே உத்திதான். வேகத்தை விட்டுக்கொடுத்தால் அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். வீடியோ திணறும், ஆனால் அம்மாவுக்குப் போன் போகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* புயல் நேரத்தில் வீடியோவைத் தவிருங்கள், எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.
* சிக்னல் இல்லாதபோது அதைத் தேடித்தேடியே போன் சார்ஜ் தீர்ந்துவிடும். ஏரோபிளேன் மோடில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.
* ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று திரையில் வந்தால் 112-ஐ அழையுங்கள். உங்கள் சிம் நிறுவனத்தின் டவர் படுத்துவிட்டாலும், அருகில் வேறு நிறுவனத்தின் டவர் இயங்கினால் அதன் வழியே அழைப்பு போகும்.