மழை நாளில் தூண்டில் போட்டி



மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. தங்காக் பக்கத்தில் நண்பர்கள் நாலு பேர் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டு விடுவார்கள். யாருக்குக் கெளுத்தி அதிகம் என்று போட்டி. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் மலையாற்றின் குணத்தை அறிந்திருக்க வேண்டும்.

லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அங்கே கொட்டும் மழை, ஓடைகளில் ஒன்றுசேர்ந்து, திடீரென்று பெருவெள்ளமாகக் கீழே பாயும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும் இது வரலாம்.

தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேற்புறம் இரைச்சல் கேட்கும். இவையே அடையாளங்கள். கண்டவுடன் மேட்டுக்கு ஏறுங்கள். தூண்டிலை எடுக்கத் திரும்பாதீர்கள்.

இடி கேட்டால் தூண்டிற்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழியட்டும்.

போட்டி என்றால் முதலில் எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. பயந்தவன் என்று கேலி செய்வார்களே என்ற கூச்சம். ஆகவே, புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் 'போதும்' என்றால் எல்லாரும் எழ வேண்டும். மீன் நாளைக்கும் கிடைக்கும்.