யந்திரம் வந்தது, சாவி எவரிடம்?

தஞ்சைத் தரணியில் பாபநாசத்துக் குடியானவர் வானத்தைப் பார்த்து அறுவடை செய்வது பழைய வழக்கம். இன்று அவர் வானொலிச் செய்தியையும் கைப்பேசியையும் பார்க்கிறார். ஐப்பசியில் அறுத்த குறுவை நெல் களத்தில் கிடக்கும்போது, இரண்டு நாளில் மழை வருமா என்பதே அவருடைய வரும்படியை நிர்ணயிக்கும் கேள்வி. அக்கேள்விக்கு விடை காண்பவை நோய்டாவிலும் புனேயிலும் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்னும் மகாகணிப்பொறிகள். அவை எங்கிருந்து, எவர் மூலமாக, எந்த நிபந்தனையின் பேரில் வந்தன என்பது டில்லி வர்த்தகர்களின் விஷயம் மாத்திரமன்று. காவிரிக் கரையின் விஷயமும் ஆகும்.

பருவமழை ஆராய்ச்சிக்காக 1980க்களில் நமது சர்க்கார் அமெரிக்காவின் க்ரே கம்பெனியிடம் எக்ஸ்-எம்.பி./24 என்னும் யந்திரத்தைக் கேட்டது. அமெரிக்க சர்க்கார் இசையவில்லை. சக்தி குறைந்த எக்ஸ்-எம்.பி./14 யந்திரமே, வானிலைப் பணிக்கன்றி வேறெதற்கும் உபயோகிக்கலாகாது என்னும் கண்டிப்போடு வந்தது. 1989ல் டில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் நாம். பொருளுக்குக் காவல் வைத்தவரோ விற்றவர்! இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

பாடத்தை நம்மவர் கற்கத் தவறவில்லை. 1988ல் புனேயில் ஸி-டாக் ஸ்தாபனம் தோன்றிற்று. 1991ல் பரம் 8000 என்னும் மகாகணிப்பொறியை அது ஆக்கிக் காட்டியது. அதனுள் ஓடிய டிரான்ஸ்ப்யூட்டர் சில்லுகள் பிரிட்டிஷ் கம்பெனியுடையவைதாம். ஆயினும் அவற்றைப் பூட்டி இயக்கிய அறிவு நம்முடையது. அந்த யந்திரம் பின்னர் ருஷ்யாவுக்கும் சென்றது.

அந்நிய நாட்டில் வாங்குவதே இழிவென்று நாம் கூறவில்லை. 1906ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் அந்நிய தேசத்தில் கட்டப்பட்டவையே. அவற்றைச் சுதேசியாக்கியது எது? உடைமையும் நிர்வாகமும் நம்மிடம் இருந்தமையே. கணிப்பொறிக்கும் அளவுகோல் இதுவே.

இங்கேதான் உள்ளூர்ப் பிரதிநிதியின் கடமை வருகிறது. அயல்நாட்டு உற்பத்தியாளர் நேரில் வருவதில்லை. இங்குள்ள ஏஜெண்டே ஆர்டர் பெறுகிறார். பாங்கியின் கடன் பத்திரம், இறுதி உபயோகம் பற்றிய உறுதிமொழி, கப்பல் அல்லது விமானச் சரக்கு, இன்ஷுரன்ஸ், சுங்கம் ஆகிய எல்லாவற்றையும் முடிக்கிறார். பெட்டி இறங்கியதும் கமிஷன் பெற்று ஒதுங்குபவர் தரகர்; பத்தாண்டு கழித்தும் பழுதுக்குப் பதில் சொல்பவரே பிரதிநிதி.

1950க்களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்கு இங்கிலாந்திலிருந்து எச்.இ.ஸி.-2எம் கணிப்பொறி வந்தது. நமது தேசத்தில் நிறுவப்பட்ட முதல் கணிப்பொறி அதுவே. நிலையத்தின் சொந்தப் பொறியியலாளர்களே அதை நிறுத்தி இயக்கினார்கள். 1978ல் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இணங்க மறுத்து ஐ.பி.எம். கம்பெனி வெளியேறிற்று. அது விட்டுச் சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஸி.எம்.ஸி. என்னும் சர்க்கார் கம்பெனி ஏற்றது. விற்றவன் போன பிறகும் வேலை நிற்கவில்லை. அதுவன்றோ சுயராஜ்யம்!

இன்றைய நிலை என்ன? 2024 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட அர்க்கா, அருணிகா என்னும் மகாகணிப்பொறிகள் பிரெஞ்சுக் கம்பெனி அளித்தவை, செலவு ரூ. 850 கோடி. அர்க்காவின் துணையால் 12 கிலோமீட்டர்க் கட்டமாகக் கணித்த மழையை 2025 மே முதல் 6 கிலோமீட்டர்க் கட்டமாகக் கணிக்க முடிந்தது. இது பாபநாசத்துக்கு மெய்யான லாபம். ஆனால் அதே 2025 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவுக்கான உயர்ந்த சில்லுகளை எத்தேசம் எவ்வளவு பெறலாமென அமெரிக்கா விதித்த அளவில் நம் தேசமும் அடங்கியிருந்தது. மே மாதத்தில் அவ்விதி வாபஸ் பெறப்பட்டது. கொடுத்த கை மீண்டும் மூடாதென்பதற்கு யார் உத்தரவாதம்?

ஆதலின் நாம் கேட்பன மூன்று. யந்திரத்தோடு உதிரி உறுப்புகளும் இத்தேசத்துக் கிடங்கில் இருக்க வேண்டும். நம் பொறியியலாளருக்குப் பயிற்சி அளிப்பது ஒப்பந்தத்தின் உறுப்பாக வேண்டும். ஏஜெண்டின் கமிஷன் டெண்டரிலேயே வெளிப்பட வேண்டும் என்னும் விதி, காகிதத்தில் உறங்காமல் நடைமுறையில் நிற்க வேண்டும்.

வழி இல்லாமற் போகவில்லை. பாபநாசத்துக்கு மேற்கே, காவிரி வரும் வழியிலுள்ள திருச்சியில், தேசீயத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் பரம் பொருள் என்னும் மகாகணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை இத்தேசத்திலேயே ஆக்கிச் சேர்த்தவை.

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3,000 கலம் கொள்ளும் என்பர். விதை எவ்வூரிலிருந்தும் வரலாம். களஞ்சியத்தின் சாவி ஊராரிடமே இருக்க வேண்டும். கணிப்பொறி வாங்குவோரும் விற்போரும் இதை உணர்வார்களாக.