முட்டை ஊரில் முட்டை ஆகாத பிள்ளைக்கு ஒரு கேக்

நாமக்கல் என்றாலே முட்டைதான். பள்ளிச் சத்துணவுத் தட்டு முதல் வளைகுடா நாடுகள் வரை இந்த வட்டாரத்துப் பண்ணை முட்டை போகிறது. அந்த ஊரிலும் முட்டை ஆகாத பிள்ளைகள் உண்டு. வேறு சிலருக்குப் பால், நிலக்கடலை, முந்திரி, கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. பிறந்தநாள் நெருங்கினால் பெற்றோர் பேக்கரியில் கேட்பது ஒன்றுதான்: "எக்லெஸ் கேக் இருக்குங்களா?" அந்த ஒரு கேள்வி போதாது.

எக்லெஸ் என்றால் பத்திரமா?

நம் ஊரில் எக்லெஸ் கேக் பரவியது பெரும்பாலும் சைவக்காரர்களுக்காக. முட்டைக்குப் பதிலாக அதில் கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால் பவுடர் சேரும். முட்டை ஆகாதவர் தப்பித்தாலும் பால் ஆகாதவர் மாட்டிக்கொள்வார். முட்டை கேக் வெட்டிய கத்தியிலேயே எக்லெஸ் கேக்கையும் வெட்டினால், ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்கு அந்தப் பிசுக்கே போதும்.

பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது. பின்னதில், பாலிலுள்ள புரதத்தை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இதற்குச் சிறு துளியும் அதிகம்தான்.

சிக்கல் மேல்பூச்சில்

முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலர், மாவோடு கலந்து நன்றாக வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்வார்கள். சூட்டில் முட்டைப் புரதம் உருமாறிவிடுவதே காரணம். உங்கள் பிள்ளை அந்த ரகமா என்பதை மருத்துவர் மேற்பார்வையில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் சோதிக்கக் கூடாது. ராயல் ஐசிங்கில் இருப்பதோ வேகாத வெள்ளைக்கரு அல்லது அதன் பவுடர். அடியில் உள்ள கேக்கைத் தாங்கிய குழந்தைக்கு, மேலே உள்ள ஐசிங் பூ ஆகாமல் போகலாம்.

மற்ற அலங்காரப் பொருட்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'நான் டெய்ரி' என்று விற்கும் விப்பிங் க்ரீம் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். மார்சிபான் பொம்மை பாதாமிலோ முந்திரியிலோ செய்தது. முந்திரி ஆகாதவருக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. மேலே தூவும் பிஸ்தா தூளில் பச்சை நிறமேற்றிய நிலக்கடலையைக் கலப்பதும் உண்டு. சாக்லேட்டில் பாலும் சோயா லெசித்தினும் சேரும். செர்ரி என்ற பெயரில் வரும் பதப்படுத்திய களாக்காயில் சல்ஃபைட் இருந்தால், ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிரைக்கும்.

லேபிளில் என்ன பார்ப்பது?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியே குறிப்பிட வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை. 2016-இல் நடாஷா எட்னான்-லாபரூஸ் என்ற 15 வயது லண்டன் சிறுமி இறந்ததற்கு, விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவில் கலந்திருந்த எள்ளே காரணம். கடையிலேயே செய்து பொட்டலமிடும் உணவுக்கும் முழு விவரம் அச்சிட வேண்டும் என்ற சட்டம் அங்கே 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் ஆர்டர் கேக்குக்குப் பெரும்பாலும் லேபிளே இருக்காது. க்ரீம், சாக்லேட், ஸ்பிரிங்கிள்ஸ் பாக்கெட்டுகளைக் காட்டச் சொல்லிப் படித்துவிடுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம்.

ஜவ்வரிசி முத்தும் எலுமிச்சை ஐசிங்கும்

சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. அதில் முட்டை, பால், கோதுமை எதுவும் இல்லை. ஊறவைத்து, நடுவிலுள்ள வெள்ளைப் பொட்டு மறையும்வரை வேகவிட்டு, வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பீட்ரூட் சாறு கலந்த சர்க்கரைப் பாகில் போட்டால் மாதுளை முத்துபோல் மின்னும். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். கேக் வெட்டுவதற்குச் சற்று முன்பு அடுக்கினால் போதும்.

பூசுவதற்கு, ஐசிங் சர்க்கரையில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தால் வெள்ளை ஐசிங் தயார். நுரை வேண்டுமானால், உப்புப் போடாமல் வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை ஆறவிட்டுப் பீட்டரில் அடியுங்கள், வெள்ளைக்கருபோல் பொங்கும். ஆனால் கொண்டைக்கடலை ஆகாதவர்களும் இருக்கிறார்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளுவார்கள் என்பதால் மூடிய பாக்கெட்டாக வாங்குவதே நல்லது.

கேக் போடுபவர்களுக்கு

ஒவ்வாமை ஆர்டரைக் காலையில் முதல் வேலையாக, முட்டை உடைப்பதற்கு முன் முடியுங்கள். பைப்பிங் பேக் புதிதாக இருக்கட்டும். நாசில், கத்தி, திருப்பும் தட்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். துணியால் துடைத்தால் புரதம் போகாது. கைக்கும் சோப்புதான், சானிடைசர் உதவாது. கோதுமை மாவு காற்றில் பறந்து படியும். அது ஆகாதவருக்கான கேக்கை மைதா சலிக்கும் இடத்தில் செய்ய வேண்டாம். தனி டப்பாவில் மூடிப் பெயர் எழுதுங்கள். உத்தரவாதம் தர முடியாவிட்டால் "எங்க கடையில முடியாதுங்க" என்று சொல்லிவிடுவதே மரியாதை.

ஒத்துக்கொள்ளாமல் போனால்

தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவை சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். மூச்சிரைப்பு, குரல் கம்முதல், மயக்கம் இருந்தால் உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், உயிர் காக்காது. ஏற்கனவே கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், அவசரத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டை, பால் ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். நிலக்கடலை, கொட்டை ஒவ்வாமை பெரும்பாலும் நீடிக்கும். விலகியதா என்பதை அவ்வப்போது மருத்துவரிடம் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு என்று வைக்காமல், விருந்துக்கு வரும் எல்லோருக்குமே அவன் சாப்பிடக்கூடிய கேக்கையே வெட்டுங்கள். கை மாறி வாய் மாறிப் போகும் ஆபத்தும் அதனால் குறையும்.