கீறலின் ஆழத்தை நகம் சொல்லும்

புதுக் கார் வாங்கிய வீட்டில் முதல் கீறல் விழுந்த நாளை யாரும் மறப்பதில்லை. பேரங்காடி நிறுத்துமிடத்தில் உரசிய தள்ளுவண்டி, நெரிசலில் இடுக்கில் நுழைந்த மோட்டார் சைக்கிள், சாவியால் இழுத்துவிட்டுப் போன ஏதோ ஒரு கை. செய்தவர் போய்விடுவார், கோடு நம்மோடு தங்கிவிடும்.

அதன் பிறகு வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "காப்புறுதிதான் இருக்கிறதே, கோரிவிடலாம்" என்பது ஒன்று. "ஓடுகிற கார்தானே, கிடக்கட்டும்" என்பது இன்னொன்று. ஆழமான கீறலுக்கு இரண்டுமே செலவை இழுத்துவிடும்.

காப்புறுதிக் கணக்கு

மலேசியாவில் தனியார் காருக்கு என்சிடி தள்ளுபடி 25, 30, 38.33, 45 என்று ஏறி, கோரிக்கையே இல்லாத ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டைத் தொடும். யார் கீறினார் என்று தெரியாமல் உங்கள் சொந்தக் காப்புறுதியில் கோரினால், அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

தள்ளுபடிக்கு முன் உங்கள் சந்தா 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டில் 450 ரிங்கிட் கட்டுகிறீர்கள். கோரிய பிறகு முதலில் 1,000, அடுத்து 750, 700, பிறகு 617, 550. பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 1,367 ரிங்கிட். ஒரு கீறலுக்கு இது மிக அதிகம். இடித்தவர் யாரென்று தெரிந்தால் மட்டும் கணக்கு வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, அவருடைய காப்புறுதியிடம் கோரலாம். உங்கள் என்சிடிக்குப் பாதிப்பில்லை.

எவ்வளவு ஆழம்?

காரின் மேல் இருக்கும் எல்லாப் பூச்சும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மேலே நிறமில்லாத கிளியர் கோட், அடுத்து நிறம், அதற்கடியில் பிரைமர், கடைசியில் இரும்பு.

காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கிளியர் கோட் மட்டுமே பட்டிருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் மறையும். நகம் சிக்கினால் ஆழம் என்று பொருள். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அது பிரைமராக இருக்கலாம். வெறும் உலோகம் மின்னினால் காத்திருக்காதீர்கள். நம் ஊர் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் துரு சீக்கிரமே பிடிக்கும். பிறகு பக்கத்துப் பெயிண்டுக்கு அடியிலும் பரவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துருப்பிடிக்காது, அங்கே அவசரமில்லை.

பற்பசை தேய்த்தால் போய்விடும் என்பார்கள். மேலோட்டமான கோட்டைக் கொஞ்சம் மங்க வைக்கும், அவ்வளவுதான். பறிபோன நிறத்தை அது திரும்பக் கொண்டுவராது.

வீட்டிலேயே செய்யும் முறை

என் காரின் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தபோது, கதவு முழுவதும் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் சில நூறு ரிங்கிட் கேட்டார்கள். நான் வாங்கிய சாமான்களின் மொத்த விலை நூறைத் தொடவில்லை. ஆனால் ஒரு வாரப் பொறுமை வேண்டியிருந்தது.

முதலில் பெயிண்ட் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ இருக்கும். வெறும் "வெள்ளை", "சில்வர்" என்று கேட்டு வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது. குறியீட்டைச் சொல்லியே டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள்.

வெயில் படாத, மழைச்சாரல் அடிக்காத இடத்தில் காரை நிறுத்துங்கள். கீறலின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். துரு இருந்தால் சேண்ட் பேப்பரால் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய், மெழுகுப் பிசுக்கைத் துடைத்தெடுங்கள். உலோகம் தெரியும் இடத்துக்கு மட்டும் பிரைமர்.

அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் அல்லது பல்குச்சி நுனியால் நிறத்தைக் கீறலுக்குள் மட்டும் இறக்குங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் கட்டியாகிவிடும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காயவிட வேண்டும். கடைசியாக, சுற்றியுள்ள பெயிண்டைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும்படி கிளியர் கோட்.

இனி ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு 2000 எண் சேண்ட் பேப்பரைச் சவர்க்கார நீரில் நனைத்து, மேடாக நிற்பதை மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். அழுத்தித் தேய்த்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல கிளியர் கோட்டும் போய்விடும். மங்கலான இடத்தைக் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினால் வேலை முடிந்தது.

பட்டறைக்கு எப்போது?

தகடு நெளிந்திருந்தால், கீறல் கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினால், முத்துப்போல் மின்னும் பல அடுக்கு வெள்ளை நிறமாக இருந்தால் பட்டறைதான் சரி. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஒரு பகுதிக்கு எவ்வளவு, கிளியர் கோட் சேர்த்தா, பக்கத்து நிறத்தோடு கலந்து தருவார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டில் செய்த வேலையை அருகில் குனிந்து பார்த்தால் தடம் தெரியத்தான் செய்யும். நான்கடி தள்ளி நின்றால் எளிதில் கண்ணில் படாது. முக்கியமாக, துரு நுழையும் வாசல் அடைபட்டிருக்கும். அடுத்த முறை கார் கழுவும்போது ஒரு சுற்று வந்து, பழைய கீறல்கள் மேலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.