வீட்டுத் தோட்டமும் சிறுநீரகமும்: எதை வளர்ப்பது, எப்படிச் சமைப்பது?

எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர் மருந்துச் சீட்டோடு ஒரு துணிப்பையையும் கொண்டுவருகின்றனர். மொட்டைமாடியில் காய்த்த வெண்டைக்காயோ, கொல்லையில் பறித்த ஒரு கட்டுக் கீரையோ அதில் இருக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகளை வாங்கி, தென்னைநார்க்கழிவு நிரப்பிய பைகளில் விதையிட்டுத் தாமே வளர்த்ததாகப் பெருமையுடன் சொல்கின்றனர். கடைப் பலகாரத்தை நிறுத்திவிட்டதாகவும், பொடி வகைகளையும் ஊறுகாயையும் வீட்டிலேயே செய்வதாகவும் கூறுகின்றனர்.

இம்மாற்றத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம். தோட்ட வேலை உடலுக்கு உழைப்பைத் தருகிறது. வீட்டுச் சமையலில் உப்பும் எண்ணெயும் நம் கையில் இருக்கின்றன. நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் உள்ளவர்களுக்குக் காய்கறியும் கீரையும் மிகுந்த உணவு பெரும்பாலும் நன்மையே செய்யும். ஆயினும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்த ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அத்தோட்டத்தில் எதை வளர்ப்பது, அதை எப்படிச் சமைப்பது என்பவற்றைச் சற்று ஆய்ந்தே முடிவு செய்ய வேண்டும். அதற்கான காரணத்தை ஒரு நிகழ்வின் வழியாக விளக்க விரும்புகிறோம்.

ஒரு காலைப் பொழுது

அறுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். நெடுநாள் நீரிழிவினால் அவருடைய சிறுநீரகங்கள் ஏறக்குறையக் கால் பங்கு அளவே இயங்கிக்கொண்டிருந்தன. "உப்பைக் குறையுங்கள், வெளி உணவைத் தவிருங்கள்" என்று அவரிடம் கூறி அனுப்பினோம். அவருடைய மனைவியார் அச்சொல்லை அப்படியே நிறைவேற்றினார். கொல்லையில் முருங்கை நின்றது. மாடியில் பசலையும் முளைக்கீரையும் வளர்த்தார். காலைதோறும் முருங்கைக்கீரைச் சாறு, மதியம் ஒரு கீரை, மாலையில் இளநீர். சமையலுக்குச் சாதாரண உப்பை விலக்கி, 'சோடியம் குறைந்த உப்பு' என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கினார்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் அவரால் கட்டிலிலிருந்து எழ இயலவில்லை. கால்கள் துவண்டன, நெஞ்சில் ஏதோ தடுமாற்றம் என்றார். அவசரப் பிரிவில் எடுத்த இ.சி.ஜி. இயல்பாக இல்லை. குருதியில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.2 மில்லிமோல் இருந்தது. இயல்பான அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5.0 வரை. இதயம் எந்நேரமும் நின்றுவிடக்கூடிய நிலை அது. நரம்பு வழியே கால்சியம் செலுத்தினோம்; குளுக்கோசுடன் இன்சுலின் கொடுத்தோம்; அன்று மதியமே டயாலிசிஸ் செய்தோம். நான்காம் நாள் அவர் நடந்து வீடு திரும்பினார்.

இடையில் அவருடைய மனைவியார் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "நானே என் கையால் கொடுத்தேனே, டாக்டர்?"

அவர் மீது குற்றமில்லை என்று அன்றே கூறினோம். குறை எங்கள் பக்கமும் இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்ன நாங்கள், அதற்கு மாற்றாக எதை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வெளி உணவைத் தவிர்க்கச் சொன்ன நாங்கள், வீட்டு உணவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கவில்லை. இக்கட்டுரையை எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

பொட்டாசியம் ஏன் கூடுகிறது?

பொட்டாசியம் நஞ்சன்று, தசைகளும் நரம்புகளும் இதயமும் இயங்க அது இன்றியமையாதது. நாள்தோறும் உணவின் வழியே உடலில் சேரும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. அவை தளரும்போது வரவு அப்படியே இருக்க, செலவு மட்டும் குறைகிறது. மிகுதி குருதியில் தங்கி, இதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. பெரும்பாலும் முன்னறிவிப்பு எதுவும் இராது. சிலருக்கு மட்டும் கால் தளர்ச்சி, படபடப்பு, மூச்சுத் திணறல் போன்றவை தோன்றும்.

குருதியழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் தரப்படும் எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக் கூடியவை. இதைப் படித்துவிட்டு எவரும் அவற்றைத் தாமாக நிறுத்திவிடலாகாது. அவை சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள். அவற்றை உட்கொள்பவர்கள் குருதிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பதே நாங்கள் வலியுறுத்துவது.

எதை வளர்க்கலாம்?

பசலை, முளைக்கீரை, முருங்கைக்கீரை முதலிய கீரைகளிலும், உருளை, சேனை, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளிலும், வாழைக்காயிலும் பொட்டாசியம் மிகுதி. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், வெண்பூசணி, சௌசௌ ஆகியவற்றில் ஒப்பீட்டளவில் குறைவு. இவற்றுள் பல நம் ஊரில் பந்தலிட்டால் எளிதாகப் படர்ந்து காய்ப்பவை. ஆடிப் பட்டத்தில் விதையிட்டால் புரட்டாசி வாக்கில் பறிக்கலாம்.

மேற்சொன்ன ஆசிரியரின் வீட்டில் இன்று மாடியில் புடலையும் பீர்க்கும் பந்தலில் தொங்குகின்றன. முருங்கை மரத்தை வெட்ட வேண்டுமா என்று அந்த அம்மையார் கேட்டார். வேண்டாம் என்றோம். பேரக்குழந்தைகளுக்கு அது நல்லுணவு. தாத்தாவின் தட்டுக்கு மட்டும் வேறு காய் போதும்.

சிறுநீரக நோயாளர் அனைவருமே கீரையை அஞ்சி ஒதுக்க வேண்டும் என்பதும் பிழையே. நோயின் தொடக்க நிலையில், பொட்டாசியம் இயல்பாக இருப்பவருக்கு அத்தகைய தடை தேவையில்லை. முடிவு செய்ய வேண்டியது உங்கள் குருதிப் பரிசோதனைத் தாள்.

இதய வால்வு சிகிச்சைக்குப் பின் வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கும் ஒரு சொல்: கீரையில் உள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். தோட்டத்தில் விளைந்துவிட்டதே என்று ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் சிறிதுமின்றியும் உண்ணாமல், ஒரே அளவாக உண்ணுங்கள்.

எப்படிச் சமைப்பது?

"வேகவைத்த தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது, கொட்டாதே" என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அது உண்மை. பொட்டாசியமும் அந்நீரில்தான் இறங்குகிறது. ஆதலால், பொட்டாசியம் கூடியவருக்கு அந்நீரைக் கொட்டிவிட வேண்டும்.

காயின் தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவுங்கள். நிறைய நீரில் வேகவைத்து, நீரை முழுவதும் வடித்துவிட்டு, அதன்பின் தாளித்துப் பொரியலாகவோ கூட்டாகவோ செய்யுங்கள். வெறும் நீரில் ஊறவைப்பதைவிட வேகவைத்து வடிப்பதே கூடுதல் பயன் தரும். ஆவியில் வேகவைத்தாலோ, குழம்பிலேயே காயைப் போட்டு வேகவைத்தாலோ பொட்டாசியம் உணவிலேயே தங்கிவிடும். கீரைச் சாறு, காய்கறி சூப் ஆகியவை இவர்களுக்கு ஏற்றவையல்ல.

உப்பைப் பொறுத்தவரை, ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. நோயாளருக்குரிய ஒரு நாள் உப்பைக் காலையிலேயே ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்து, அன்றைய சமையலுக்கு அதிலிருந்து மட்டும் பயன்படுத்துவது எளிய வழி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை வீட்டிலேயே செய்தவையாயினும் உப்பு மிகுந்தவையே. வீட்டில் செய்ததால் அவற்றின் உப்பு குறைந்துவிடுவதில்லை. சுவைக்கு மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், சிறிது எலுமிச்சைச் சாறு, தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை, ஒரு கைப்பிடிக்கும் குறைவான புதினா அல்லது கொத்தமல்லி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சோடியம் குறைந்த உப்பில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டில் இவ்வகை உப்பைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோதும், சிறுநீரகப் பாதிப்பு உடையவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று தெளிவாகக் குறிப்பிட்டது. பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். 'பொட்டாசியம்' என்ற சொல் இருந்தால், எங்களைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சாறு பிழிந்து குடிக்கும் முன்

தோட்டத்தில் விளைந்ததைச் சாறாக்கி வெறும் வயிற்றில் அருந்தும் வழக்கம் பெருகிவருகிறது. மூன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, பிலிம்பிக்காய். கொழுப்பு குறையும் என்று நம்பி இதன் சாற்றை அடர்த்தியாக அருந்தியவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இக்காயில் மிகுந்துள்ள ஆக்சலேட்டு சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகத் தங்குவதே காரணம். இரண்டாவது, நட்சத்திரப்பழம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இதிலுள்ள நச்சுப்பொருள் நீங்காமல் தங்கி, ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும், சிலர் உயிரிழந்துமிருக்கின்றனர். அவர்கள் ஒரு துண்டுகூட உண்ணலாகாது. மூன்றாவது, கசக்கும் சுரைக்காய். சுரையின் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் கடும் வாந்தியையும் குருதிக் கசிவையும் ஏற்படுத்த வல்லது. இது நோயாளர், நலமுடையவர் என அனைவருக்கும் பொருந்தும். நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.

மண்ணில் இறங்கும்போது

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் தோட்டத்தில் நடக்கலாகாது. உணர்வு மங்கிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஈரமண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்னும் கடும் தொற்றை உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் மிகும் இந்நோய் நீரிழிவு உடையவர்களையே பெரிதும் தாக்குகிறது. மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். வேலை முடிந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்த பின், உண்ணாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும்.

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உடையவர்கள் அக்கையால் நீர் நிரம்பிய குடத்தையோ மண் நிறைந்த தொட்டியையோ தூக்கக் கூடாது. இறுக்கமான கையுறையும் அக்கைக்கு ஆகாது. சிறுநீரக மாற்று அறுவை பெற்றவர்களின் எதிர்ப்பாற்றல் மருந்துகளால் குறைக்கப்பட்டிருக்கிறது. எருவையும் மட்கிய குப்பையையும் கிளறும் வேலையை அவர்கள் பிறரிடம் விட்டுவிட வேண்டும். அவற்றின் தூசியிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கலாம். நீர் ஊற்றவும், கையுறை அணிந்து காய் பறிக்கவும் தடையில்லை. பறித்ததை நன்கு கழுவிச் சமைத்து உண்ணுங்கள்.

அடுத்த முறை வரும்போது

நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ உள்ளவர்கள், எந்தத் தொல்லையும் இல்லாவிடினும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருதியில் கிரியேட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பெருமளவு நலிந்த பின்பே உடல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எங்களிடம் வரும்போது மூன்றை மறவாமல் கொண்டுவாருங்கள்: அண்மைய பரிசோதனைத் தாள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், உங்கள் தோட்டத்தில் வளர்வனவும் அடுப்பில் வேகுவனவும் எழுதிய ஒரு பட்டியல். சாறு, கஷாயம், உப்புப் பொட்டலத்தின் பெயர் உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் உணவியல் வல்லுநர் உங்களுடன் அமர்ந்து, எவை இருக்கலாம், எவை குறைய வேண்டும் என்று குறித்துத் தருவார். சமைப்பவரும் உடன் வந்தால் மிக நன்று.

கால் தளர்ச்சியோ, நெஞ்சுப் படபடப்போ திடீரெனத் தோன்றினால் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அந்த ஆசிரியர் சென்ற மாதம் மனைவியாருடன் வந்திருந்தார். பொட்டாசியம் 4.8. துணிப்பையில் இரண்டு புடலங்காய்களும், நான்காக மடித்த ஒரு பட்டியலும் இருந்தன. நாங்கள் முதலில் பட்டியலைப் பிரித்துப் படித்தோம்.