ஆசானின்றிப் பியானோ

இளமையில் பியானோ பயின்று, பல்லாண்டுகள் கைவிட்டு, மீண்டும் அதன்முன் அமர விழையும் அன்பர் ஒருவர் ஆண்டிபட்டியில் இருப்பதாகக் கொள்வோம். அருகில் ஆசிரியர் இல்லை. அவர் செய்யத்தக்கது யாது?

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். மேதைக்கும் ஆசான் வேண்டியிருந்தது. மாணவன் கேளாத பிழையை ஆசானின் செவி கேட்டுவிடும். தனித்துப் பயில்பவர் அந்தச் செவியையே முதலில் பெற வேண்டும்.

விரல்கள் பழைய பாடத்தோடு பழைய பிழைகளையும் அழைத்து வரும். ஆகவே, முன்பு வாசியாத, சற்று எளிய பாடத்தை எடுத்தல் நலம். ஓரளவு தேறியவர்க்குப் பாக் 1723-இல் தொகுத்த 15 இரு குரல் இன்வென்ஷன்கள் உண்டு. அவற்றில் இரு கைகளும் சமமாக உரையாடுகின்றன. ஒவ்வொரு கையையும் தனியே, மெதுவாகப் பழகிப் பின்னர் இணையுங்கள்.

பிழை நேர்ந்ததும் பலர் தொடக்கத்திற்கே ஓடுவர். தொடக்கம் மட்டுமே மெருகேறும். சக்கம்பட்டி நெசவாளர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் பிரிப்பதில்லை. அறுந்த இடத்தில் முடிந்து மேலே நெய்கிறார். அவ்வாறே பிழையின் முன்னும் பின்னும் சில சுரங்களை எடுத்துத் திருத்துங்கள்.

வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து, மறுநாள் சுரக்குறிப்பைப் பார்த்தபடி கேளுங்கள். நேற்றுக் கேளாத தடுமாற்றம் இன்று கேட்கும். மணிக்கட்டின் இறுக்கம் மட்டும் செவிக்குப் புலப்படாது. வலித்தால் நிறுத்துங்கள், இயன்றபோது ஓர் ஆசிரியரிடம் கைகளைக் காட்டுங்கள்.